சட்டைப் பையில் பியூஸ்

எங்கள் காஜா பெராங் வட்டாரத்தின் பலகை வீடுகளுக்குள் கரண்டு வந்த காலத்தில், அதைக் கைபிடித்து உள்ளே அழைத்துப் போனவன் நான். கிளேபாங் கடலோரத்தில் உப்புக் காற்று தின்று தீர்த்த வயர்களையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, இன்று வரைக்கும் பழுது சொல்லாத வயரிங் செய்து கொடுத்தவன் நான். செங் பக்கத்தில் தொழிற்சாலைகள் எழும்பியபோது படித்த காண்டிராக்டர்கள் வரிசையில் நின்றார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றுபோன நான் அந்த வரிசைக்கு முன்னால் நின்றேன். கோயில் திருவிழா விளக்குகள், கல்யாண மண்டபங்கள், ஒரு ஐஸ் பாக்டரி, எல்லாம் என் கை பட்டு எரிந்தவை. அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அவர் போன பிறகு அம்மாவையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு தோட்டத்தைவிட்டு டவுனுக்கு வந்தபோது என்னிடம் இருந்தது ஒரு பிளையர், ஒரு ஸ்க்ரூடிரைவர். அந்தப் பிளையருக்கும் ஒரு பக்கம் பல் கிடையாது. தூக்கிவிட ஆள் இல்லை. யார் வாசலிலும் போய் நின்றதும் இல்லை. சரளமாக வாசிக்கக் கற்றதே அரிசி மூட்டையிலும் பெயர்ப்பலகையிலும் இருந்த எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான். ஆகையால் இந்தக் கட்டுரையில் இலக்கணப் பிழை தேடுகிறவர்கள் தாராளமாகத் தேடலாம். என் வயரிங்கில் தேட முடியாது.

இதையெல்லாம் முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. மலர்க்குழுவினர் எழுதச் சொன்னது என்னைப் பற்றி அல்ல, வாத்தியாரைப் பற்றி. மெர்டேக்கா, அதாவது நாடு சுதந்திரம் பெற்ற சமயத்தில், காஜா பெராங் வாசகசாலையில் மாலை வகுப்பு நடத்திய அறிவியல் வாத்தியார். அன்று அவரிடம் படித்த பிள்ளைகள் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டு அவருக்கு நினைவு மலர் போடுகிறார்கள். பழகியவன் என்ற முறையில் நானும் நாலு பக்கம் எழுத வேண்டுமாம். எழுதுகிறேன். எழுதுகிறவன் யார் என்று தெரிந்துகொண்டு படிக்கட்டும் என்றுதான் முதல் பத்தி. வாத்தியாரின் பெயர் அட்டையிலேயே இருக்கும். நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் வாயில் அவர் என்றைக்கும் வாத்தியார்தான்.

அவரைப் பற்றிச் சொல்ல ஒரே ஒரு விஷயம்தான் உண்டு. கரண்டைப் பாடமாக நடத்திய அந்த மனிதருக்குக் கரண்டு என்றால் பயம்.

சாதாரணப் பயம் இல்லை. ஓர் அறைக்குள் நுழைந்தால் முதலில் சுவரைப் பார்ப்பார், பிறகுதான் ஆட்களைப் பார்ப்பார். சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் கைக்குட்டையில் விரலைத் துடைப்பார். இடது கை முதுகுக்குப் பின்னால் போய்விடும். வலது கையின் ஒரே விரலால், தூங்குகிற நாயைத் தொடுவதுபோலத் தொடுவார். வாடகை அறையில் மின்விசிறி வைத்துக்கொள்ளவில்லை. வியர்வையில் நனைந்தபடி பனையோலை விசிறியோடு உட்கார்ந்து மாணவர்களின் நோட்டுகளைத் திருத்துவார். சட்டைக்கு இஸ்திரி போடுவது கரிப்பெட்டியில். வீட்டுக்குள்ளேயும் ரப்பர் சிலிப்பர். தோளில் ஒரு துணிப்பை தொங்கும். அதற்குள் துண்டில் சுற்றிய ஒரு பல்ப், பல்புக்கு ஹோல்டர், ஹோல்டரிலிருந்து நீளமாக இரண்டு வயர். சந்தேகப்பட்ட இடத்தில் ஒரு வயர் நுனியை வைத்து, இன்னொன்றைத் தண்ணீர்க் குழாயில் வைத்துப் பார்ப்பார். பல்ப் எரிந்தால் அந்த இடத்தில் கரண்டு ஒழுகுகிறது என்று அர்த்தம். மற்ற வாத்தியார்கள் கையில் பிரம்போடு நடந்தார்கள். இவர் பல்போடு நடந்தார்.

எதனால் இந்தப் பயம் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். தம்பி ஒருவர் கண்ணெதிரே கரண்டடித்துப் போய்விட்டாராம். ஜப்பான்காரன் காலத்தில் இவரைக் கட்டாயப்படுத்திக் கம்பத்தில் ஏற்றினார்களாம். நான் சுற்றி வளைக்காமல் நேராகவே ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "பயப்படாம இருக்கிறதுக்கு எனக்கு ஒரு காரணம் கெடைக்கல தம்பி" என்றார்.

எங்கள் முதல் சந்திப்பே சண்டைதான். வாசகசாலைக்கு வயரிங் செய்துகொண்டிருந்தேன். ஏணி மேல் நிற்கிறேன். கீழே குடையும் பையுமாக ஒருவர் வந்து நின்றார்.

"தம்பி, பியூஸ் எங்க?"

"பெட்டியிலதான் சார் இருக்கு. மெயின அணைச்சாச்சு."

"யாரு அணைச்சது?"

"நான்தான்."

"நீங்க மேல இருக்கீங்க. கீழ யாராச்சும் வந்து போட்டுட்டா?"

மறுபேச்சுக்கு நிற்கவில்லை. போய்ப் பெட்டியைத் திறந்து, பீங்கான் பியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டு, பைக்குப் பொத்தானும் போட்டுக்கொண்டார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, நான் இறங்குகிற வரைக்கும் அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கூச்சம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். விளக்கு எரியவில்லை, கண்ணால் பார்க்கிறார், அப்புறம் என்ன சந்தேகம் என்று கேட்டேன். அப்போதுதான் அந்த வாசகத்தை முதன்முதலாகக் கேட்டேன். "லைட்டு அணைஞ்சிருக்கு, சரி. கம்பி செத்திருக்கா?"

அந்த வாசகம் பிறகு ஊருக்கே பழகிப்போய்விட்டது. பிள்ளைகள் தூங்குகிற தாத்தாவைக் காட்டிக்கூட அதைச் சொல்லி அடி வாங்கினார்கள்.

பியூஸைப் பையில் போடுகிற பழக்கத்தால் வந்த வம்பும் உண்டு. ஒருமுறை மறந்துபோய் அதோடு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் வாசகசாலைக்கு ரேடியோ கேட்க வந்தவர்கள் வாய் பேசாத ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு என் வயரிங்கைத் திட்டினார்கள். நான் போர்டைக் கழற்றி, சுவிட்சைக் கழற்றி, கூரை வரைக்கும் ஏறி இறங்கிவிட்டேன். கடைசியில் சலவைக்காரர் வந்தார். உள்ளங்கையில் அந்தப் பீங்கான் துண்டு. "வாத்தியார் சட்டையில இருந்திச்சி. என்னா இது, வெத்தல இடிக்கிறதா?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் அதை வாங்கி வாத்தியார் வீட்டு வாசலில் வீசியிருப்பேன். தங்கைதான் தடுத்தாள்.

யாரும் கூப்பிடாமலே வீடுகளுக்குள் போய்ப் பியூஸ் பெட்டியைத் திறந்து பார்ப்பது அவருடைய இன்னொரு கெட்ட பழக்கம். அந்த நாளில் பியூஸ் அடிக்கடி போனால் ஆட்கள் தாங்களாகவே தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவார்கள். சிலர் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை மடித்து வைப்பார்கள். எங்கள் முனைக்கடை முதலாளியும் அப்படித்தான் செய்திருந்தார். ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம், வாய்க்குப் பஞ்சமில்லாதவர். வாத்தியார் அதைப் பார்த்துவிட்டு, பியூஸ் என்பது அறுந்துபோவதற்காகவே வைத்த கம்பி, அது அறுந்தால்தான் வீடு பிழைக்கும் என்று விளக்கினார். முதலாளி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து வாத்தியார் அந்தக் கடையில் அரிசி வாங்குவதை நிறுத்திவிட்டார். வெயிலில் நடந்து டவுன் வரைக்கும் போய் வாங்கி வந்தார். ஒருநாள் மூட்டையோடு கடையைத் தாண்டும்போது முதலாளி உள்ளிருந்து குரல் கொடுத்தார். "வாத்தியாரே, அரிசியில கரண்டு இல்லீங்க."

கடை வாசலில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாத்தியார் சிரிக்கவில்லை. கடைக்கு மேலே மாடியில் முதலாளியின் பிள்ளைகள் தூங்குகிற அறையின் ஜன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நடந்தார். அந்தப் பார்வை முதலாளியை என்னவோ செய்திருக்க வேண்டும். அதே வாரம் என்னை ஜாடையாக உள்ளே கூப்பிட்டு, செம்புக் கம்பியை எடுத்துவிட்டுச் சரியான பியூஸ் கம்பி போடச் சொன்னார். போட்டது யார்? நான். வாத்தியாரிடம் சொல்ல வேண்டாம் என்றார். நான் சொல்லிவிட்டேன். மறுநாளே வாத்தியார் போய் அங்கே அரிசி வாங்கினார்.

வகுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் டவுனில் இங்கிலீஷ் பள்ளியில் வேலை. மாலையில், தமிழ்ப் பள்ளி முடித்து மேல் வகுப்புக்குப் போன பிள்ளைகளுக்கு வாசகசாலையில் தமிழிலேயே விளக்கம். என் தங்கை அந்த வகுப்பில் படித்தாள். வயரிங் வேலை முடிந்த பிறகும் ஏதாவது ஒரு ஆணியை அடித்துக்கொண்டு நான் அங்கேயே நின்றதாக அவள் இன்றைக்கும் கேலி செய்கிறாள். உண்மையிலேயே எனக்கு வேலை இருந்தது.

பிள்ளைகளை வட்டமாக நிற்க வைத்து ஆளுக்கொரு புளியங்கொட்டை கொடுப்பார். அவர் மேஜையைத் தட்டியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் கையிலிருப்பதைப் பக்கத்து ஆளுக்குக் கொடுத்து, இந்தப் பக்கத்து ஆளிடம் வாங்க வேண்டும். கொட்டைகள் வட்டத்தில் ஓடும். நடுவில் ஒருத்தியைக் கையைக் கட்டிக்கொள்ளச் சொல்வார். அவ்வளவுதான், வட்டம் முழுக்க நின்றுபோகும். "ஒரு எடத்துல அறுந்தா எல்லா எடத்துலயும் நிக்கும். இதான் சர்க்யூட்" என்பார். மேஜையை வேகமாகத் தட்டினால் கொட்டைகளும் வேகமாக ஓடும். தட்டுவது வோல்ட், ஓடுவது ஆம்பியர். இருவருக்கு நடுவே பெஞ்சைப் போட்டு எட்டி எட்டிக் கொடுக்க வைத்தால் ஓட்டம் குறையும்; அந்தப் பெஞ்சுதான் தடை. பியூஸ் யார் என்று ஒரு பையன் கேட்டான். "இந்தக் கூட்டத்துல மொதல்ல கோவிச்சிக்கிட்டு வெளிய போறவன் யாரோ, அவன்தான்" என்றார். பிள்ளைகள் எல்லோரும் ஒரே பையனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் நிஜமாகவே கோபித்துக்கொண்டு வெளியே போனான்.

சிரிப்பெல்லாம் அதுவரைக்கும்தான். கடைசியில் பாடம் எப்படியும் பயத்தில்தான் போய் முடியும். தண்ணீரை உதாரணம் காட்டுவது அவருக்குப் பிடிக்காது. "தண்ணிக் குழாய் ஒழுகினா கீழ ஈரம் தெரியும். இது ஒழுகினா ஒண்ணும் தெரியாது. தொட்டவனுக்குத்தான் தெரியும்" என்பார். பிள்ளைகள் முகம் வாடிவிடும். பிறகு தாழ்ந்த குரலில் சொல்வார். கரண்டு எப்படியாவது மண்ணுக்குப் போய்ச் சேரத் துடிக்கும். நடுவில் வெறுங்காலோடு நீ நின்றால் உன்னையே வழியாக்கிக்கொள்ளும். ஆகவே கரண்டு இருக்கும் இடத்தில் காலில் ரப்பர் இல்லாமல் நிற்காதே.

இதிலும் ஒரு வழக்கு வந்தது. வாசகசாலையில் சாமிப் படம் உண்டு. சிலிப்பரை வாசலில் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். கரண்டுப் பாடம் நடக்கும் நாளில் மட்டும் பிள்ளைகள் சிலிப்பரோடு உள்ளே வரட்டும் என்று வாத்தியார் கேட்டார். மாதர் சங்கத்து அக்காமார் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் பின்பக்கச் சமையல் கொட்டகையில் வகுப்பை நடத்திக்கொண்டார். பெண்களோடு வாதாட அவருக்கு வராது. குரலே எழும்பாது.

மெர்டேக்கா வந்தது. நாடு முழுக்க எப்படி இருந்தது என்று படித்தவர்கள் எழுதியிருப்பார்கள். எங்கள் ஊரில் எப்படி இருந்தது என்றால், மூங்கில் கிடைக்கவில்லை. டவுனில் தெருவுக்குத் தெரு அலங்கார வளைவு கட்டினார்கள். மலாய்க்காரர்கள், சீனர்கள், நாங்கள், எல்லோருக்கும் மூங்கில் வேண்டும். எங்கள் சந்து முனையில் வளைவு அமைத்து விளக்குப் போடுகிற பொறுப்பு என்னுடையது. ஊர் பார்க்க நான் செய்கிற முதல் வேலை அதுதான். இது நன்றாக எரிந்தால் நான் காண்டிராக்டர். எரியாவிட்டால் பல் இல்லாத பிளையரோடு வீட்டுக்கு வீடு போகிறவன். மூங்கிலை நம்பித்தான் வேலையைத் திட்டமிட்டிருந்தேன். கடைசி நேரத்தில் விழாக் கமிட்டித் தலைவர் எங்கிருந்தோ இரும்புக் குழாய்களை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். சிமெண்டு நிரப்பிய தகர டின்களில் குழாய்களை ஊன்றி வளைவை நிறுத்தினார்கள். தலைவருக்குப் பெருமை தாங்கவில்லை. மூங்கிலைவிட உறுதி என்றார்.

வாத்தியார் பள்ளிவிட்டு வந்தவர் அதைப் பார்த்ததும் சாலை நடுவிலேயே நின்றுவிட்டார்.

"மூங்கில்னு சொன்னீங்களே தம்பி."

"இரும்பு கெடைச்சிருக்கு சார். நல்லதுதானே?"

"மூங்கில் தப்ப மன்னிக்கும். இரும்பு மன்னிக்காது."

என் வேலையில் தப்பு எங்கே வரும் என்று நான் எகிறினேன். அவர் நேராக வாசகசாலைக்குப் போய்ப் பியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அலங்காரம் முழுவதும் முடிகிற வரைக்கும் தர மாட்டாராம். ஆகவே நான் வயரை இழுத்து முடித்த பிறகும் எரியவிட்டுப் பார்க்க முடியவில்லை. வாசகசாலையிலிருந்து வரும் வயர் வளைவின் மேலே குழாயோடு வைத்துக் கட்டிய மரச்சட்டம் வழியாகப் போய் இடது தூணில் இறங்கும், அங்கே சுவிட்ச், அதிலிருந்து பல்புகளுக்குப் பிரியும். அழகான வேலை. கண் வைக்காமல் சொல்கிறேன், அந்த வளைவைப் போல நேராக வயர் இழுத்த வளைவு அன்றைக்கு டவுனில் வேறு இல்லை. எனக்குப் பிறகு தோரணம் கட்டுகிறவர்கள் ஏறினார்கள். பெயர்ப்பலகைக்காரர் ஏறி, 'மெர்டேக்கா' என்று எழுதிய பெரிய பலகையை அந்த மரச்சட்டத்தில் அடித்தார்.

சுவிட்சைப் போடுவதற்கு என் தங்கையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கரண்டுப் பாடத்துப் பரீட்சையில் அவள்தான் முதல். அம்மா புதுப் பாவாடை தைத்துக் கொடுத்தாள். மெர்டேக்கா அன்று மாலை நாலு மணிக்கு மழை பிடித்து ஐந்துக்கு விட்டது. தெரு முழுக்கத் தண்ணீர். அலங்கார லோரிகளின் ஊர்வலம் டவுனிலிருந்து புறப்பட்டுவிட்டது, இருட்டுவதற்குள் எங்கள் சந்து வழியாகப் போகும் என்று சேதி வந்தது. தலைவர் வந்து வாத்தியார் முன்னால் கையை நீட்டினார். வாத்தியார் பையின் பொத்தானைக் கழற்றிப் பியூஸை என்னிடம்தான் கொடுத்தார். "போட்டதும் ஒரு சத்தம் குடுங்க. நான் பார்க்கிற வரைக்கும் யாரும் தூண்கிட்ட போகக் கூடாது" என்றார்.

வாசகசாலைக்குள் போய்ப் பியூஸைப் போட்டுவிட்டுச் சத்தம் கொடுத்தேன். வெளியே வந்தபோது அங்கே நடந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். மாதர் சங்கத்து அக்கா ஒருவர், மின்விளக்குக்கு முன்னால் மங்கலமாக ஒரு குத்துவிளக்கு ஏற்ற வேண்டும் என்று இடது தூணுக்குப் பக்கத்திலேயே பலகை போட்டு விளக்கை வைத்திருந்தார். குத்துவிளக்குக்கு முன்னால் சிலிப்பரோடு நிற்கலாமா? தங்கையிடம் கழற்றச் சொல்லிவிட்டார். அவளும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஈரத் தரையில் வெறுங்காலோடு குத்துவிளக்கை ஏற்றி முடித்து நிமிர்ந்தாள். அடுத்தது சுவிட்ச். ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சுவிட்சைத் தள்ள வேண்டும். கை தூணை நோக்கிப் போகிறது.

"நில்லு!"

அந்தக் குரல் வாத்தியாருடையது என்று நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வாத்தியார் சத்தம் போட்டு அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. தங்கையின் கை தூணுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் அப்படியே நின்றது. கொட்டைகளைக் கைமாற்றும்போது அவர் குரலுக்கு நின்று பழகிய கை அது.

அக்காவுக்குக் கோபம். "நல்ல நேரத்துல என்னா சார் இது?" தலைவருக்கும் கோபம். சுவிட்சே இன்னும் போடவில்லை, விளக்கு ஒன்றும் எரியவில்லை, அதற்குள் எங்கிருந்து கரண்டு வரும் என்று கேட்டார். வாத்தியார் யாருக்கும் முகம் கொடுக்கவில்லை. தங்கையைப் பார்த்து, "பின்னால வாம்மா. எதையும் தொடாம, மெதுவா" என்றார். அவள் பின்வாங்கி வந்த பிறகுதான் தலைவரிடம் திரும்பினார். "லைட்டு அணைஞ்சிருக்கு. கம்பி செத்திருக்கான்னு இன்னும் பார்க்கலியே."

ஒரு மர முக்காலியைக் கொண்டுவரச் சொல்லி அதன் மேல் ஏறி நின்றார். துண்டைப் பிரித்துப் பல்பை எடுத்தார். ஒரு வயரைச் சந்து முனைத் தண்ணீர்க் குழாயில் சுற்றினார். இன்னொன்றின் நுனியை, இடது கை முதுகுக்குப் பின்னால் போக, தூணில் வைத்தார்.

பல்ப் எரிந்தது.

மங்கலாக அல்ல. நன்றாக, மஞ்சளாக, வீட்டில் எரிவதுபோல எரிந்தது. அத்தனை பேரும் பின்னால் நகர்ந்தார்கள். என் தங்கை தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். தூரத்தில் ஊர்வலத்தின் கொட்டுச் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. பள்ளிப் பிள்ளைகள் கொடியும் கையுமாக வளைவுக்கு இரண்டு பக்கமும் நிற்பதற்கு ஓடி வந்துகொண்டிருந்தார்கள். பாதிப் பேர் காலில் ஒன்றும் இல்லை.

இதுவரைக்கும் வாத்தியாரின் பங்கு. இதில் ஒரு குண்டூசி முனையைக்கூட நான் குறைக்கவில்லை. இனிமேல் நடந்தது என் பங்கு.

தலைவர் விளக்கே வேண்டாம், நிறுத்திவிடலாம் என்றார். என் வயரிங் ஒழுகுகிறது என்று நாலு பேர் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் வாத்தியாரிடம் போய், "பியூஸப் புடுங்குங்க சார். நான் ஏறுறேன்" என்றேன். அவர் உள்ளே போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தார். மறுபடி பல்பை வைத்துப் பார்த்தார். எரியவில்லை. ஆனாலும் என்னை ஏற விட மனமில்லை அவருக்கு. ஈரம், இருட்டப் போகிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்றார். நாளைக்கு எதைப் பார்ப்பது? மெர்டேக்கா எங்களுக்காகக் காத்திருக்குமா? ஏணியைச் சாத்தி ஏறினேன்.

வீரம் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். உண்மையில் ஒவ்வொரு படியையும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துத்தான் ஏறினேன். கீழே பார்த்தால் வாத்தியார் முகம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு யாராலும் ஏணியில் நிற்க முடியாது. பிரேதத்தைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை எடுத்துவிட்டு, வயரை விரலால் தடவிக்கொண்டே போனேன். தோரணத்தைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டேன்; கட்டிய பெண்கள் கீழிருந்து முணுமுணுத்தார்கள். இடது தூணில் ஒன்றும் இல்லை. வளைவில் ஒன்றும் இல்லை. கொட்டுச் சத்தம் கிட்டே வந்துவிட்டது. கடைசியாகப் பலகைக்குப் பின்னால் கையை விட்டேன். விரலில் ஒரு ஆணியின் முனை.

பெயர்ப்பலகைக்காரர் நான்கு மூலையிலும் ஆணி அடித்திருக்கிறார். காற்றடித்தால் 'மெர்டேக்கா' பறந்துவிடுமே என்று நடுவில் இன்னொரு நீள ஆணியும் அடித்திருக்கிறார். அது பலகையைத் துளைத்து, சட்டத்தைத் துளைத்து, என் வயருக்குள் கரண்டு ஓடும் உயிர்க்கம்பியைத் துளைத்து, முனை போய்ப் பின்னாலிருந்த இரும்புக் குழாயைத் தொட்டுக்கொண்டு நின்றது. சிமெண்டு டின்னில் நின்ற குழாய்; கரண்டு மண்ணுக்குப் போக வழியில்லை. அதனால்தான் பியூஸும் போகவில்லை. யாராவது வந்து தொட வேண்டும் என்று சும்மா காத்துக்கொண்டு நின்றது.

ஆணியைப் பிடுங்கினேன். துளைபட்ட இடத்தை வெட்டி, இணைத்து, டேப் சுற்றி, இரும்பில் படாமல் மரக்கட்டை வைத்துக் கட்டினேன். ஈரக் கையில், ஏணி மேல், ஊரே பார்க்க. இறங்கி வந்து ஆணியை வாத்தியார் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை. என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பியூஸ் போட்டாயிற்று. பல்பை வைத்தார்; எரியவில்லை. வலது தூணில் வைத்தார். மறுபடி இடது தூணில். தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு சிலிப்பர் பிரச்சினை பழையபடி எழுந்தது. குத்துவிளக்கு எரிகிறது, அதன் எதிரே சிலிப்பர் கூடாது என்று அக்கா. வாத்தியாருக்குப் பழையபடி குரல் எழும்பவில்லை. தங்கைதான் பேசினாள்.

"அக்கா, வெளக்கு ஏத்தும்போது கழட்டினேன்ல? அது சாமிக்கு. இது கரண்டு. இதுக்குப் போடணும்."

சொல்லிவிட்டுத் தானே குத்துவிளக்குப் பலகையை இரண்டு கையாலும் பிடித்து, சுடர் அசையாமல் நாலு எட்டு தள்ளிக் கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வந்து சிலிப்பரை மாட்டிக்கொண்டாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதல் லோரி சந்து முனையில் திரும்பியபோது தங்கை சுவிட்சைத் தள்ளினாள்.

எல்லா பல்பும் எரிந்தது. எல்லோரும் மேலே பார்த்துக் கை தட்டினார்கள். நான் வாத்தியாரைத் தேடினேன். அத்தனை கூட்டத்தில் அவர் ஒருவர்தான் மேலே பார்க்கவில்லை. குனிந்து, தூண்களுக்குப் பக்கத்தில் ஈரத்தில் நின்ற பிள்ளைகளின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச காலத்தில் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு சொன்னார். "நீங்க மேல ஏறினப்ப நான் சட்டைப் பையப் புடிச்சிக்கிட்டே நின்னேன் தம்பி. பியூஸ் உள்ளதான் இருக்கான்னு சந்தேகம். தொட்டுப் பார்த்தா இருக்கு. கைய எடுத்தா மறுபடி சந்தேகம். ஒங்க வேலைய நான் சந்தேகப்படல. அத மட்டும் மனசுல வச்சிக்காதீங்க." நான் எதையும் மனதில் வைக்கவில்லை என்றேன். பிறகு அவரைப் பார்க்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்த சேதியும் எனக்கு வெகு காலம் கழித்துத்தான் வந்தது.

இப்போது மலர்க்குழுவினருக்கு நேராகவே சொல்கிறேன். அச்சுக்குப் போகிற பக்கங்களை எனக்குக் காட்டினீர்கள். வளைவின் படத்துக்குக் கீழே, "மெர்டேக்கா மாலையில் பிள்ளைகளின் உயிரைத் தனியொருவராகக் காத்த ஆசான்" என்று போட்டிருக்கிறீர்கள். ஆசான் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. காத்தார் என்பதிலும் இல்லை; அவர் காப்பாற்றிய கைகளில் என் தங்கையின் கையும் ஒன்று, அதை நான் சாகும்வரைக்கும் மறக்கப் போவதில்லை. அந்தத் "தனியொருவராக" என்ற வார்த்தையை மட்டும் எடுங்கள். ஒழுக்கு இருக்கிறது என்று சொன்னவர் அவர். அது எங்கே இருக்கிறது என்று ஏறிக் கண்டுபிடித்தவன் நான். அவர் மட்டும் இருந்திருந்தால் அன்று வளைவு இருட்டாக நின்றிருக்கும். நான் மட்டும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இரண்டு பேரும் இருந்தோம். அதனால்தான் எரிந்தது.

படத்துக்குக் கீழே அவர் பெயர் முதலில் வரட்டும். அடுத்த வரியில் என் பெயர், அதே அளவு எழுத்தில், "ஏணியில் ஏறியவர்" என்று. அதைப் போடாமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.